மானியம் வருமுன்: அரசு உதவிபெறும் வீட்டுக் கடனும் முதல் வீடு வாங்குவோரும்

முதல் வீடு வாங்குகிறவருக்கு அரசு எப்படிக் கைகொடுக்கலாம் என்ற கேள்விக்கு மத்திய அரசு 2008 முதல் ஏறத்தாழ ஒரே விடையைத்தான் சொல்லிவருகிறது: கடன் வட்டியில் ஒரு பங்கை நாங்கள் கட்டுகிறோம். ஆட்சி மாறியது, திட்டத்தின் பெயர் மாறியது, தொகையும் கூடியது. விடை மட்டும் அப்படியே இருக்கிறது. கடன் விலை அதிகமாக இருப்பதால்தான் மக்களால் வீடு வாங்க முடியவில்லை என்ற அனுமானம் இந்த விடைக்குள் ஒளிந்திருக்கிறது. அந்த அனுமானம் எவ்வளவு தூரம் செல்லும் என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

என் வாதம் இதுதான். எப்படியும் வங்கிக் கடன் கிடைத்திருக்கக்கூடிய ஒருவரின் சுமையை வட்டி மானியம் ஓரளவு இறக்கிவைக்கிறது. கடன் கிடைக்காத ஒருவரை அது கடனுக்குத் தகுதியுள்ளவராக்குவதில்லை. முதல் வீடு வாங்குவோர் பெரும்பாலும் பத்திரத்திலும், வருமானச் சான்றிலும், கைக்காசிலும் தடுக்கி விழுகிறார்கள். வட்டி என்ற பேச்சு எழுவதற்கு முன்பே இந்த மூன்றும் வந்துவிடுகின்றன. நகர்ப்புறத் திட்டங்களை மட்டுமே இங்கே எடுத்துக்கொள்கிறேன். விதிகள் மத்திய அரசுடையவை. நிலமும் பத்திரமும் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடுவதால் அந்தப் பகுதிக்குத் தமிழ்நாட்டை எடுத்துக்காட்டாகக் கொள்கிறேன்.

1. பற்றாக்குறையை எப்படிப் படிப்பது

நகர்ப்புற வீட்டுப் பற்றாக்குறை பற்றிய விவாதங்களில் அமிதாப் குண்டு தலைமையிலான தொழில்நுட்பக் குழு 2012இல் தந்த எண்ணே இன்றும் புழங்குகிறது: 1 கோடியே 87.8 இலட்சம் வீடுகள். இதில் ஏறத்தாழ 96 சதவீதம் பொருளாதாரத்தில் நலிந்த பிரிவினருக்கும் குறைந்த வருவாய்ப் பிரிவினருக்கும் உரியது. இந்த எண்ணைத் திட்ட ஆவணங்களும் கட்டுமான நிறுவனங்களின் விளக்கக் கையேடுகளும் ஒரேபோல மேற்கோள் காட்டுகின்றன. அதன் உள்ளடக்கத்தைப் பார்ப்பவர் குறைவு. வீடற்றவர்கள் அதில் 5.3 இலட்சம் மட்டுமே. சுமார் எண்பது சதவீதம் இடநெருக்கடிக் கணக்கில் வருகிறது. கூரை இருக்கிறது, ஆனால் மணமான தம்பதிக்குத் தனியறை இல்லை என்ற வகை அது. அதே சமயம், நகரங்களில் 1 கோடியே 10 இலட்சம் வீடுகள் பூட்டிக்கிடப்பதாக 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு பதிவுசெய்தது.

ஆக, நாம் பேசுகிற முதல் வீட்டுக்காரர் பெரும்பாலும் வீதியில் இருப்பவர் அல்லர். பெற்றோர் வீட்டின் முன்னறையிலோ ஒண்டுக் குடித்தனத்திலோ இருந்துகொண்டு, நகரின் விளிம்பில் இரண்டு படுக்கையறை கொண்ட ஒரு வீட்டை விலை கேட்பவர். அவருக்கு எதைக் கொடுத்தால் வீடு வரும் என்பதில் மூன்று பார்வைகள் உண்டு.

அரசே கட்டிக்கொடுக்க வேண்டும் என்பது முதலாவது. 1961இல் உருவான தமிழ்நாடு வீட்டுவசதி வாரியமும், 1970இல் தொடங்கி 2021இல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியமாகப் பெயர் மாறிய குடிசை மாற்று வாரியமும் அதன் விளைவுகள். கட்டிய வீட்டுக்குப் பதில் சேவைகளுடன் கூடிய சிறு மனையைத் தவணை முறையில் கொடுத்தால் மக்களே கட்டிக்கொள்வார்கள் என்பது இரண்டாவது. உலக வங்கியின் உதவியோடு 1977இல் தொடங்கிய சென்னை நகர்ப்புற மேம்பாட்டுத் திட்டம் அரும்பாக்கம், வில்லிவாக்கம், கொடுங்கையூர் போன்ற இடங்களில் இதைச் செய்துபார்த்தது. அத்திட்டம் தோல்வி என்று நெடுங்காலம் கருதப்பட்டது. கேத்ரின் ஓவன்ஸ், சுமிலா குல்யானி, ஆண்ட்ரியா ரிஸ்வி ஆகியோர் சென்னையிலும் மும்பையிலும் அந்த மனைப் பகுதிகளுக்கு இருபது ஆண்டுகள் கழித்துத் திரும்பிச் சென்று 2018இல் வெளியிட்ட ஆய்வு இக்கருத்தைக் கேள்விக்குள்ளாக்கியது. பல வருவாய்ப் பிரிவினரும் கலந்து வாழும் நல்ல குடியிருப்புகளாக அவை வளர்ந்திருந்ததை அவர்கள் கண்டார்கள்.

மூன்றாவது பார்வை நிதியை மையமாகக் கொண்டது. 1977இல் எச்.டி.எஃப்.சி., 1988இல் தேசிய வீட்டுவசதி வங்கி என்று அதற்கான அமைப்புகள் எழுந்தன. அரசு கட்டுவதையும் மனை பிரிப்பதையும் மெல்லக் குறைத்துக்கொண்டு, கடன் சந்தையை ஏழைகள் பக்கம் கொஞ்சம் நீட்டினால் போதும் என்ற எண்ணம் வலுப்பெற்றது. 2008இல் வந்த நகர்ப்புற ஏழைகளுக்கான வட்டி மானியத் திட்டம் 1 இலட்சம் ரூபாய் வரையிலான கடனுக்கு 5 சதவீத வட்டியை ஏற்றது. இலக்கில் ஒரு சிறு பகுதியை மட்டுமே அது தொட்டது. 2013இல் ராஜீவ் ரின் யோஜனா மானியத்துக்குரிய கடன் வரம்பை 5 இலட்சமாக்கியது. தொகை போதாமல்தான் முந்தையது தோற்றது என்ற முடிவுக்கு அரசு வந்துவிட்டது. கடன் கொடுக்கும் நிறுவனங்களுக்கு இந்த வாடிக்கையாளரைக் கண்டால் ஏன் தயக்கம் என்ற கேள்வி அப்போது போதிய அளவில் எழவில்லை.

2. சி.எல்.எஸ்.எஸ்.: வெற்றியின் முகவரி

2015 ஜூன் 25 அன்று தொடங்கிய பிரதம மந்திரி ஆவாஸ் யோஜனாவின் நகர்ப்புறப் பிரிவில் நான்கு வழிகள் இருந்தன. அவற்றுள் ஒன்றான கடன் இணைப்பு மானியத் திட்டம், வங்கி வட்டாரத்தில் சி.எல்.எஸ்.எஸ்., முதல் வீட்டுக்காரர்களிடையே பெரிதும் பேசப்பட்டது. ஆண்டு வருமானம் 6 இலட்சத்துக்குள் உள்ள குடும்பத்துக்கு, கடனில் முதல் 6 இலட்சத்துக்கு 6.5 சதவீத வட்டி மானியம். இருபது ஆண்டுக்கான அந்த மானியத்தை இன்றைய மதிப்புக்குக் கணக்கிட்டு, அதிகபட்சம் சுமார் 2.67 இலட்சத்தை ஒரே தவணையில் கடன் கணக்கிலேயே வரவு வைத்தார்கள். அசல் அந்த அளவுக்குக் குறைந்தது. 9 சதவீத வட்டி, இருபது ஆண்டு என்று வைத்துக்கொண்டால் 6 இலட்சத்துக்கான மாதத் தவணை 5,398 ரூபாய். மானியத்துக்குப் பிறகு அது 3,000 ரூபாய்க்குச் சற்றுக் கீழே இறங்கும். மாதம் 2,400 ரூபாய் மிச்சம், அதுவும் கடன் முடியும்வரை. வடிவமைப்பைப் பொறுத்தவரை இது நல்ல ஏற்பாடு என்பதில் எனக்கு ஐயமில்லை.

ஆனால் தொடக்க ஆண்டுகளில் விண்ணப்பங்கள் மந்தமாகவே வந்தன. வேகம் பிறந்தது 2017க்குப் பிறகு. அந்த ஆண்டு ஜனவரி முதல் 12 இலட்சம் வரை வருமானமுள்ளவருக்கு 9 இலட்சம் கடன்மீது 4 சதவீதமும், 18 இலட்சம் வரை வருமானமுள்ளவருக்கு 12 இலட்சம் கடன்மீது 3 சதவீதமும் மானியம் என நடுத்தர வருவாய்ப் பிரிவும் சேர்க்கப்பட்டது. அதோடு நில்லாமல், இவ்விரு பிரிவுகளுக்கும் வீட்டின் தரைப்பரப்பு வரம்பு 2018இல் முறையே 160, 200 சதுர மீட்டராக உயர்த்தப்பட்டது. 200 சதுர மீட்டர் என்றால் 2,150 சதுர அடி. சென்னையில் அந்த அளவு வீட்டில் குடியேறுகிறவருக்கு அரசு வட்டி கட்ட வேண்டிய அவசியம் என்ன என்று நிதியமைச்சகத்தில் யாராவது கேட்டிருக்க வேண்டும். கேட்டாலும் கேட்காவிட்டாலும் கோப்பு நகர்ந்துவிட்டது.

நடுத்தரப் பிரிவுக்கான மானியம் 2021 மார்ச்சிலும் மற்றவர்களுக்கானது 2022 மார்ச்சிலும் முடிந்தன. மொத்தம் 25 இலட்சத்தை ஒட்டிய பயனாளிகள். மாநிலவாரியாகப் பார்த்தால் குஜராத்தும் மகாராஷ்டிரமும் முன்னின்றன. தமிழ்நாட்டில் சொந்த மனையில் தாமே கட்டிக்கொள்வோருக்கு நேரடியாகப் பணம் கொடுக்கும் வழிதான் ஓங்கியிருந்தது. இந்த வேறுபாட்டை அலுவலகச் சுறுசுறுப்பின் வேறுபாடாகப் படிப்பவர்கள் உண்டு. நான் அப்படிப் படிக்கவில்லை. கட்டுமான நிறுவனங்கள் சிறு அடுக்ககங்களை மொத்தமாகக் கட்டி, வீட்டுக் கடன் நிறுவனத்தின் முகவரை விற்பனை அலுவலகத்திலேயே உட்காரவைக்கிற ஊரில் கடன் மானியம் ஓடும். மனையை முதலில் வாங்கிப் போட்டு, காசு சேரச் சேர அஸ்திவாரம், தளம், பூச்சு என்று ஐந்தாறு ஆண்டுகளில் கட்டி முடிக்கிற ஊரில் அது ஓடாது. மானியம் போய்ச்சேரும் இடம் தேவை எங்கே மிகுதியோ அது என்பதைவிட, கடன் சந்தை ஏற்கெனவே எங்கே வேரூன்றியிருக்கிறதோ அது என்றே தோன்றுகிறது.

இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 2019 அக்டோபர் முதல் வங்கிகளின் புதிய மிதவை வட்டி வீட்டுக் கடன்கள் ரிசர்வ் வங்கியின் ரெப்போ வட்டி போன்ற வெளி அளவுகோலோடு கட்டப்பட்டன. ரெப்போ 2022 மேயில் 4 சதவீதத்திலிருந்து ஏறத் தொடங்கி 2023 பிப்ரவரியில் 6.5ஐத் தொட்டது. 20 இலட்சம் கடனுக்கு 7 சதவீதத்தில் 15,506 ரூபாயாக இருக்கும் தவணை, 9.5 சதவீதத்தில் 18,643 ரூபாயாகிறது. கூடுதல் 3,137 ரூபாய். ஒரே சுற்று வட்டியேற்றம் மானியம் தந்த மிச்சத்தை விழுங்கிவிட்டது. பலருக்கு இது கண்ணில்கூடப் படவில்லை. தவணைத் தொகையை மாற்றாமல் வங்கிகள் கடன்காலத்தை நீட்டிவிட்டன. இருபது ஆண்டு என்று கையெழுத்திட்டவர் கணக்கு அறிக்கையை எடுத்துப் பார்த்தால் இருபத்தெட்டு என்றிருக்கும். வட்டி மாறும்போது கடனாளிக்குத் தெரிவித்து, தவணையைக் கூட்டுவதா காலத்தை நீட்டுவதா என்று அவரைக் கேட்க வேண்டும் என ரிசர்வ் வங்கி 2023 ஆகஸ்டில்தான் கட்டளையிட்டது. 2025இல் ரெப்போ மறுபடி இறங்கியது. இறக்கத்தின் பலன் தானாக வந்துவிடும் என்று நம்பாமல் கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது.

3. புதிய திட்டத்தின் கணக்கு

2024 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த ஆவாஸ் யோஜனா 2.0, பழைய திட்டத்தின் சில தவறுகளைத் திருத்தியிருக்கிறது. வருமான உச்சவரம்பு 9 இலட்சம். வீட்டின் மதிப்பு 35 இலட்சத்துக்குள், கடன் 25 இலட்சத்துக்குள், தரைப்பரப்பு 120 சதுர மீட்டருக்குள் இருக்க வேண்டும். முதல் 8 இலட்சத்துக்கு 4 சதவீத மானியம், பன்னிரண்டு ஆண்டுக் காலத்துக்கு. அதிகபட்சம் 1.80 இலட்சம் ரூபாய். வசதியுள்ளவருக்குப் போகும் ஓட்டையை இது கணிசமாக அடைத்துவிட்டது.

ஆனால் கொடுக்கும் முறை மாறிவிட்டது. தொகை ஐந்து ஆண்டுத் தவணைகளாக வரும். ஒவ்வொரு முறையும் கடன் நடப்பில் இருக்க வேண்டும், அசலில் பாதிக்கு மேல் பாக்கி இருக்க வேண்டும். மானியத்தை வாங்கிக்கொண்டு கடனை முடித்து வீட்டைக் கைமாற்றுவதைத் தடுக்க அரசு இப்படிச் செய்திருக்கலாம்; அந்தக் கவலை நியாயமானது. விளைவோ வேறு திசையில் போகிறது. நம் குடும்பங்களில் வீட்டுக் கடன் நாளை எண்ணிக் கட்டி முடிக்க வேண்டிய பாரம். சீட்டு முதிர்ந்தால், ஊரில் கொஞ்சம் நிலம் விற்றால், முதல் வேலையாக வங்கிக்குப் போய் அசலில் கட்டுவார்கள். மிதவை வட்டிக் கடனை முன்கூட்டி அடைக்க அபராதம் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2012லேயே சொன்னதும் இந்தப் பழக்கத்துக்குத் துணை. புதிய விதியின்படி, மூன்றாம் ஆண்டில் பாதிக்கு மேல் அடைத்துவிட்ட சிக்கனக்காரருக்கு மிச்சத் தவணைகள் வராது. மெதுவாகக் கட்டுகிறவருக்கு முழுதும் வரும்.

இனி ஒரு குடும்பத்தைக் கற்பனையாக வைத்துக் கணக்கிடுவோம். கணவன் மனைவி இருவருமாக மாதம் 45,000 ரூபாய், ஆண்டுக்கு 5.4 இலட்சம். கூடுவாஞ்சேரிப் பக்கம் 30 இலட்சம் ரூபாய்க்கு ஒரு பழைய அடுக்கக வீடு. 30 இலட்சம் வரையிலான கடனில் வீட்டு மதிப்பில் 90 சதவீதம் வரை கொடுக்க ரிசர்வ் வங்கி அனுமதிக்கிறது. அப்படியானால் 27 இலட்சம் கிடைக்கலாம். மானியம் வேண்டுமென்றால் கடன் 25 இலட்சத்தைத் தாண்டக் கூடாது. ஆக 5 இலட்சம் கையிலிருந்து. மறுவிற்பனைக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், சேர்த்து 2.70 இலட்சம். 10 இலட்சத்துக்கு மேற்பட்ட வீட்டுக்கு இந்தச் செலவை வீட்டு மதிப்போடு சேர்த்துக் கடன் தரக் கூடாது என்பதால் இதுவும் கையிலிருந்துதான். வங்கியின் பரிசீலனைக் கட்டணம், வக்கீல், மதிப்பீட்டாளர், ஆவண எழுத்தர், பத்திரத்தை வங்கியில் ஒப்படைத்ததற்கான பதிவு எல்லாம் சேர்த்தால் 8 இலட்சத்தை எட்டும். அதாவது குடும்பத்தின் ஒன்றரை ஆண்டு முழு வருமானம்.

8.5 சதவீதத்தில் இருபது ஆண்டுக்கு மாதத் தவணை 21,696 ரூபாய். சம்பளத்தில் பாதிக்குச் சற்றுக் குறைவு. வங்கி முகம் சுளித்தாலும் பெரும்பாலும் ஒப்புக்கொள்ளும். மானியமோ ஆண்டுக்கு 36,000, மாதத்துக்கு 3,000 ரூபாய், ஐந்து ஆண்டுகளுக்கு. நல்லதுதான். ஆனால் இந்தக் குடும்பத்தை வீட்டிலிருந்து பிரித்து நிறுத்துவது அந்த 8 இலட்சம். அதற்கு நகையை வைப்பார்கள், சீட்டைத் தள்ளி எடுப்பார்கள், உறவில் கைமாற்று வாங்குவார்கள், தனிநபர் கடன் போடுவார்கள். அந்தத் தனிநபர் கடனின் தவணை சிபில் அறிக்கையில் ஏறி, வீட்டுக் கடனின் தகுதித் தொகையைக் குறைக்கும். மானியம் எங்கே தேவையோ அங்கே ஒரு ரூபாயும் வரவில்லை.

இதற்கு மாற்று உலகில் இல்லாமலில்லை. சிலி நாடு 1970களின் இறுதியிலிருந்து சேமிப்பு, ஒருமுறை மானியம், கடன் மூன்றையும் இணைத்த முறையைக் கடைப்பிடித்தது. குடும்பம் ஒரு தொகையைச் சேமித்துக் காட்டினால் அரசு அதன்மேல் தன் பங்கை முன்கூட்டியே வைக்கும். அதற்கும் குறை உண்டு. மலிவான நிலம் தேடிப் போன நிறுவனங்கள் ஊருக்கு வெகுதூரத்தில் வீடுகளைக் குவித்தன. குடிசைவாசிகளைச் சென்னையின் விளிம்பில் மறுகுடியமர்த்திய கண்ணகி நகரையும் பெரும்பாக்கத்தையும் பார்த்தவர்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை. ஆனால் நுழைவுச் செலவுதான் தடை என்பதை அந்த முறை ஒப்புக்கொண்டிருந்தது.

வருமான வரிச் சலுகைகளை ஒரே பத்தியில் கடந்துவிடலாம். 2019 ஏப்ரல் முதல் 2022 மார்ச் வரை அனுமதிக்கப்பட்ட கடன்களில் முதல் வீட்டுக்காரருக்கு வட்டியில் 1.5 இலட்சம் கூடுதல் கழிவு தந்தார்கள். வரிக்குரிய வருமானம் 5 இலட்சத்துக்குள் உள்ளவர் ஏற்கெனவே வரி கட்டுவதில்லை. அவருக்கு இதனால் ஒன்றுமில்லை. 30 சதவீத வரம்பில் உள்ளவருக்கோ பெரும் ஆதாயம்.

4. பத்திரக் கட்டு

கடன் விண்ணப்பம் நின்றுபோகும் இடத்தைக் கிட்டத்தில் போய்ப் பார்க்க வேண்டுமானால் வங்கியின் வக்கீல் அலுவலகத்துக்குப் போக வேண்டும். "லீகலுக்குப் போயிருக்கு" என்று கிளையில் சொல்வார்கள். அங்கே ஒரு கோப்பில் இருப்பவை: விற்பவர் பெயரிலுள்ள கிரயப் பத்திரம், அதற்கு முந்தைய தாய்ப்பத்திரங்கள், முப்பது ஆண்டு வில்லங்கச் சான்று, பட்டா, புல வரைபடம், மனைப்பிரிவு அனுமதி, கட்டட வரைபட அனுமதி, சொத்து வரி ரசீது. இடையில் யாராவது இறந்திருந்தால் வாரிசுச் சான்று. பொது அதிகாரப் பத்திரம் மூலம் விற்றிருந்தால், எழுதிக்கொடுத்தவர் விற்பனை நாளில் உயிரோடு இருந்தார் என்பதற்கான சான்று.

ஒவ்வொரு தாளிலும் ஒரு சிக்கல் ஒளிந்திருக்க முடியும். 1980களில் நடந்த நில உடைமைப் பதிவு மேம்பாட்டுப் பணியில், யு.டி.ஆர். என்று எல்லோரும் சொல்வது, பெயரோ பரப்போ தவறாக ஏறிய பட்டாக்கள் இன்றும் திருத்தத்துக்குக் காத்திருக்கின்றன. பாகப்பிரிவினையில் மகள் கையெழுத்திடாத ஒரு பழைய பத்திரம் நாற்பது ஆண்டு கழித்து எழுந்து நிற்கும். வரைபடத்தில் இரண்டு மாடி, நேரில் மூன்று மாடி. வீட்டுவசதி வாரியம், வாழ்விட வாரியம் ஒதுக்கிய வீடுகளில் தவணை முடிந்தும் கிரயப் பத்திரம் கைக்கு வராதவர்கள் பலர்; அரசே கொடுத்த வீட்டை அரசு வங்கி அடமானமாக ஏற்க மறுக்கும் நிலை அவர்களுடையது.

மிகப் பெரிய சிக்கல் அங்கீகாரமற்ற மனைகள். 'பஞ்சாயத்து அப்ரூவ்டு' என்று பலகை வைத்து விற்ற மனைகளில், பஞ்சாயத்துக்கு அப்படி அங்கீகரிக்கும் அதிகாரமே இருந்ததில்லை. அத்தகைய மனைகளைப் பதிவுசெய்யச் சென்னை உயர் நீதிமன்றம் 2016 செப்டம்பர் 9 அன்று தடை விதித்தது. 2017இல் வந்த வரன்முறை விதிகள், 2016 அக்டோபர் 20க்கு முன்பு விற்கப்பட்டவற்றை உரிய கட்டணம் பெற்று வரன்முறைப்படுத்த வழிசெய்தன. நகர விளிம்பில் குறைந்த விலைக்கு மனை வாங்கியவர்கள் பெரும்பாலும் இந்த வகையினர்தாம். வரன்முறை ஆணை இல்லாமல் பொதுத்துறை வங்கி இவர்களுக்குக் கடன் தருவதில்லை. வருமான அளவில் மானியத்துக்கு முழுத் தகுதி, பத்திர அளவில் தகுதியின்மை.

"குடும்பத்தில் எவர் பெயரிலும் நாட்டில் எங்கும் கான்கிரீட் வீடு இல்லை" என்ற உறுதிமொழியும் இங்கே வருகிறது. குடும்பம் என்பது கணவன், மனைவி, மணமாகாத பிள்ளைகள். தந்தை பெயரில் வீடிருந்தால் மணமான மகனுக்குத் தடையில்லை. தந்தை இறந்து, ஊரிலுள்ள வீடு நான்கு பிள்ளைகளின் கூட்டுப் பட்டாவுக்கு வந்துவிட்டால்? அந்த வீட்டில் அவர் ஒருநாளும் வாழப்போவதில்லை. ஆனாலும் பெயர் இருக்கிறது. ஆதார் எண்ணும் நில ஆவணமும் கணினியில் கோக்கப்படும் காலத்தில் இந்தக் கேள்வி சிறியதல்ல. உறவினருக்குத் தன் பாகத்தை விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்துவிட்டு விண்ணப்பிப்பதே பாதுகாப்பு என்பது என் கருத்து. வாரிசுரிமையை இழந்து மானியம் பெறுவது எல்லோருக்கும் கட்டுப்படியாகாது என்பதும் உண்மை.

ஒரு பக்கம் ஆறுதல் உண்டு. சி.எல்.எஸ்.எஸ். திட்டத்தில் 6 இலட்சத்துக்குள் வருமானமுள்ளவர் வீடு வாங்கும்போது குடும்பத்துப் பெண் உரிமையாளராகவோ இணை உரிமையாளராகவோ இருக்க வேண்டும் என்று விதி இருந்தது. மானியத்துக்காகவே மனைவி பெயரைச் சேர்த்தார்கள் என்று இதைக் கேலி செய்பவர்கள் உண்டு. எதற்காகச் சேர்த்தால் என்ன, பத்திரத்தில் ஏறிய பெயரை இனி அவர் கையெழுத்தில்லாமல் நீக்க முடியாது.

5. சம்பளச் சீட்டு இல்லாதவர்

வங்கி மேலாளருக்குப் பிடித்தவர் மாதச் சம்பளக்காரர். தள்ளுவண்டியில் நாளுக்கு 2,000 ரூபாய் புரட்டுகிறவர், வாடகைக் கார் ஓட்டுகிறவர், வீட்டிலேயே தையல் எந்திரம் வைத்திருப்பவர் ஆகியோரின் வருமானம் உண்மை, சான்றுதான் இல்லை. திட்டம் வருமானத்துக்குச் சுய உறுதிமொழியை ஏற்கும். அது மானியத் தகுதிக்கு மட்டுமே. கடன் தகுதிக்கு வங்கி மூன்று ஆண்டு வருமான வரிக் கணக்கைக் கேட்கும்.

இவர்களுக்கென்று குறைந்த விலை வீட்டுக் கடன் நிறுவனங்கள் வளர்ந்துள்ளன. அவர்கள் கடைக்கே வந்து ஒருநாள் உட்கார்ந்து விற்பனையைக் கணக்கிடுவார்கள். அந்த உழைப்புக்கும் ஆபத்துக்கும் சேர்த்து வட்டி 12, 13 சதவீதம் என்று போகும். 15 இலட்சம் கடனுக்கு இருபது ஆண்டுத் தவணை 8.5 சதவீதத்தில் 13,017 ரூபாய், 13 சதவீதத்தில் 17,574 ரூபாய். வித்தியாசம் மாதம் 4,557. அரசு தரும் மாதம் 3,000 ரூபாயை, அதுவும் ஐந்து ஆண்டுக்கு மட்டும், இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சான்றில்லாமையின் விலை மானியத்தைவிட அதிகம்.

ஆகவே என் கணிப்பில் 2.0 திட்டத்தின் முக்கியமான பகுதி, அதிகம் விளம்பரம் பெறாத கடன் உத்தரவாத நிதி. 2012இல் உருவான இந்த ஏற்பாட்டின் மூலநிதி 1,000 கோடியிலிருந்து 3,000 கோடியாக உயர்த்தப்பட்டிருக்கிறது. கடன் வராக்கடனானால் இழப்பில் ஒரு பங்கை நிதியம் ஏற்கும். கடன் கொடுப்பவரின் தயக்கத்தை நேரடியாகத் தொடும் ஒரே கருவி இது. அமெரிக்காவில் 1934 முதல் கூட்டாட்சி வீட்டுவசதி நிர்வாகம் செய்துவருவதும் வட்டி மானியம் அல்ல, கடனுக்குக் காப்பீடு. அதன் பலத்தில்தான் 3.5 சதவீத முன்பணத்தில் வீடு வாங்க முடிகிறது. அதே நிர்வாகம் பல பத்தாண்டுகள் கறுப்பின மக்கள் வாழும் பகுதிகளைக் காப்பீட்டிலிருந்து ஒதுக்கிவைத்த வரலாறும் உண்டு. உத்தரவாதத்தை யாருக்கு, எந்தப் பகுதிக்குக் கொடுக்கிறார்கள் என்பது வெளிப்படையாக இருந்தாக வேண்டும்.

மானியம் விலையை ஏற்றிவிடாதா என்ற எதிர்வாதமும் இருக்கிறது. இங்கிலாந்தின் 'ஹெல்ப் டு பை' திட்டத்தை ஆராய்ந்த கரோஸி, ஹில்பர், யூ ஆகியோர், நிலம் அருகிய லண்டன் பகுதியில் புது வீடுகளின் விலை ஏறியதையும், நிலம் தாராளமான வேல்ஸ் எல்லையோரத்தில் விலை ஏறாமல் கட்டுமானம் கூடியதையும் காட்டினார்கள். 35 இலட்சம் என்ற வரம்பு இங்கே ஓர் இழுவிசையாகும். 33 இலட்சத்துக்கு விற்கவேண்டிய வீட்டை 34.9க்கு ஏற்றும் விற்பனையாளர்கள் இருப்பார்கள். சென்னை மாநகராட்சி எல்லைக்குள் அந்த விலைக்குப் புதிய வீடு தேடுவது பெருமுயற்சி என்பதால், இங்கே திட்டத்தின் விளைவு செங்கல்பட்டு, ஆவடி, திருவள்ளூர்ப் பக்கமே வெளிப்படும்.

6. முன்பணமும் இரண்டு கிரவுண்டும்

அந்தப் பக்கங்களில் முதல் வீட்டுக்காரர் சந்திக்கும் விற்பனையாளர் பெரும்பாலும் பெரிய நிறுவனம் அல்ல. இரண்டு கிரவுண்டு வாங்கி எட்டு வீடு கட்டி விற்கும் உள்ளூர்க்காரர். ஒரு கிரவுண்டு 2,400 சதுர அடி. இரண்டு கிரவுண்டு 446 சதுர மீட்டர். ரியல் எஸ்டேட் ஒழுங்காற்றுச் சட்டத்தின்படி 500 சதுர மீட்டருக்கு உட்பட்ட நிலத்திலோ எட்டு வீடுகளுக்கு மேற்படாமலோ கட்டும் திட்டத்தைப் பதிவுசெய்ய வேண்டியதில்லை. பத்து சதவீதத்துக்கு மேல் முன்பணம் வாங்குமுன் ஒப்பந்தத்தைப் பதிவுசெய்ய வேண்டும் என்ற அச்சட்டத்தின் பாதுகாப்பு, இந்தக் குறைந்த விலை வீட்டுக்காரரை நடைமுறையில் எட்டுவதில்லை.

நடைமுறையின் வரிசையும் அவருக்கு எதிராகவே இருக்கிறது. முதலில் டோக்கன் அட்வான்ஸ். அடுத்த வாரம் ஒப்பந்தம், இரண்டு மூன்று இலட்சம். மூன்று மாதத்துக்குள் கிரயம் முடிக்காவிட்டால் முன்பணம் போய்விடும் என்று அதில் ஒரு வரி. அதன் பிறகுதான் கடன் விண்ணப்பம். லீகலில் குறை வந்தால் கடன் இல்லை, கடன் இல்லையென்றால் கிரயம் இல்லை, முன்பணமும் இல்லை. வங்கி மதிப்பீட்டாளர் விலையைக் குறைத்துப் போட்டாலும் இதே கதை. ஒரு பகுதியைப் பத்திரத்தில் காட்டாமல் ரொக்கமாகக் கேட்கும் விற்பனையாளரிடம் சிக்கினால் இன்னும் மோசம். கடன் பத்திர மதிப்பின்மீதே கணக்கிடப்படும், ரொக்கத்துக்கு வேறு வட்டி. வீடு மனை விற்பனையில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக முன்பணம் வாங்குவது 2015 முதல் வருமான வரிச் சட்டப்படி அபராதத்துக்குரியது என்பது ஏட்டில் இருக்கிறது.

இந்த வரிசையைத் திருப்பிப்போட வாங்குபவருக்கு ஓரளவு வழி உண்டு. விற்பவரிடம் பத்திர நகல்களை வாங்கி, வங்கியின் வக்கீலிடமே முன்பணத்துக்கு முன்பு கருத்துக் கேட்கலாம். அதற்குச் சில ஆயிரம் ரூபாய் செலவாகும். வருமானத்தின் அடிப்படையில் எவ்வளவு கடன் கிடைக்கும் என்று வீடு பார்க்கும் முன்பே வங்கியிடம் எழுத்தில் பெறலாம். உரிமைமூலக் குறையினால் வங்கி கடனை மறுத்தால் முன்பணம் முழுவதும் திரும்பத் தரப்படும் என்று ஒப்பந்தத்தில் ஒரு வாக்கியம் எழுதச் சொல்லலாம். தனியாளாகக் கேட்டால் விற்பவர் எளிதில் இணங்கமாட்டார். பதிவுத் துறை தன் இணையதளத்தில் மாதிரி ஆவணங்களை வைத்திருக்கிறது. விற்பனை ஒப்பந்த மாதிரியில் அந்த வாக்கியத்தைக் கட்டாய நிபந்தனையாக்க மத்திய அரசின் ஒப்புதலோ புதிய நிதி ஒதுக்கீடோ தேவைப்படாது.